குரல்நாண் செல் வளர்க்க வருகிறவர்களுக்கு: வேலூரிலிருந்து ஒரு வழிகாட்டி

பங்குனி பிறந்துவிட்டால் ஆரணி, செய்யாறு பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் தொடங்கிவிடும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. எங்கள் ஊருக்கு வருடந்தோறும் வரும் ஜமாவில் துரியோதனன் வேஷம் கட்டும் வாத்தியார் ஒருவர் இருந்தார். இரவு பத்து மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து அவர் குரல் எழும்பினால் ஊர்க்கோடியில் படுத்திருப்பவர்கள் எழுந்து உட்காருவார்கள். விடியும்வரை அந்தக் குரல் இறங்காது. ஐம்பது வயதுக்கு மேல் அது கம்ம ஆரம்பித்தது. வேலூருக்கு வந்து தொண்டையில் கேமரா விட்டுப் பார்த்தபோது குரல்நாணில் தழும்பு விழுந்திருப்பது தெரிந்தது. "தழும்பை வெட்டி எடுத்துட்டா குரல் வந்துடுமா டாக்டர்?" என்று கேட்டார். வெட்டின இடத்தில் இன்னொரு தழும்பு விழும் என்பதுதான் பதில். அன்றைக்குத் துணைக்குப் போயிருந்தவன் நான்.

குரல்நாண் தழும்புக்கு முழுத் திருப்தி தரும் வைத்தியம் இன்றுவரை இல்லை. அதற்கான தேடலில் ஒரு சிறு பகுதி நடப்பது பிளாஸ்டிக் பிளாஸ்குக்குள், மனிதக் குரல்நாணிலிருந்து எடுத்து, சாகாமல் பெருகும்படி மாற்றப்பட்ட செல்களில். வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைக் கல்லூரிகளில் எம்.எஸ்சி. முடிக்கும் பிள்ளைகள் சிலர் இந்த வேலைக்கு வருகிறார்கள். அவர்களை நினைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஹூட்டில், அதாவது வடிகட்டிய காற்று வீசும் கண்ணாடி வேலைப் பெட்டியில், கை வைப்பதற்கு முன்னாலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் தொண்டை

செல்லைப் பற்றிப் படிப்பதற்கு முன் இரண்டு நாள் குரல்வளையைப் பற்றிப் படியுங்கள். குரல்நாண் என்றதும் வீணைத் தந்தி மாதிரி எதையோ கற்பனை செய்துகொண்டு வருகிறவர்கள் அதிகம். அது தந்தி இல்லை, மடிப்பு. ஆணுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்ணுக்கு அதைவிடக் குறைவு. அந்தச் சிறு மடிப்புக்குள் அடுக்கடுக்காகப் பல விஷயம் இருக்கிறது. ஜப்பானிய மருத்துவர் மினோரு ஹிரானோ 1974-ல் அதை ஓர் உடல், அதன்மேல் ஒரு போர்வை என்று விளக்கினார். மேலே எபிதீலியம் என்ற மெல்லிய உறை. அதற்குக் கீழே லாமினா புரோப்ரியா, அதற்குள்ளேயே மூன்று அடுக்கு. அடியில் தசை. லாமினா புரோப்ரியாவின் மேலடுக்கு நுங்கு பதத்தில் இருக்கும். பேசும்போது அலை அலையாக நகர்வது முக்கியமாக அந்தப் போர்வைதான்.

அந்த நுங்குப் பதத்தைக் காப்பாற்றுகிறவை ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள். கொலாஜன், எலாஸ்டின், ஹயலுரானிக் அமிலம் எல்லாவற்றையும் சுரப்பதும், பழையதைக் கழித்துப் புதியதைப் போடுவதும் இவைதான். பெண் குரலுக்கு நொடிக்கு ஏறக்குறைய 200 அதிர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். இடைவிடாமல் ஒரு மணி நேரம் குரல் எழுப்பினால் 7,20,000 முறை இரண்டு மடிப்பும் மோதிப் பிரிந்திருக்கும். ஐந்து பீரியட் எடுக்கும் ஆசிரியை, காட்பாடி ஜங்ஷனில் டீ விற்பவர், கூத்து வாத்தியார் எல்லோருக்கும் அந்த அடியைத் தாங்கிப் பழுது பார்ப்பவை இந்தச் செல்கள். காயம் பட்டால் இதே செல்கள் அளவுக்கு மீறிக் கொலாஜனைக் கொட்டுகின்றன, அதுவும் ஒழுங்கில்லாமல். நுங்கு கெட்டித் தேங்காயாகிறது. அதுதான் தழும்பு.

இது மனதில் பதிந்தால், எந்த நோய்க்கு இந்தச் செல் உதவும், எதற்கு உதவாது என்பது தானாகத் தெரியும். தழும்பு, புகைப்பவர்களுக்கு வரும் ரெய்ன்கே வீக்கம், ஊசி மூலம் நிரப்பும் ஜெல் செல்லைக் கொல்கிறதா என்ற சோதனை, இவற்றுக்கு ஃபைப்ரோபிளாஸ்ட் பொருத்தம். எச்.பி.வி. 6, 11 வகை வைரஸால் தொண்டையில் திரும்பத் திரும்ப முளைக்கும் மரு போன்ற பாப்பிலோமாவுக்கு எபிதீலியச் செல் வேண்டும். நரம்பு செயலிழந்து குரல்நாண் அசையாமல் நிற்பதற்கு பிளாஸ்கில் விடை கிடையாது. இதைத் தெரிந்துகொள்ளாமல் புராஜெக்ட் தலைப்பு எழுதிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதம் கழித்துத்தான் தவறு புரியும்.

சாகாத செல் என்றால் என்ன?

உடம்பிலிருந்து நேரடியாக எடுத்து வளர்க்கும் செல் எல்லையில்லாமல் பெருகாது. 1961-ல் லியோனார்ட் ஹேஃப்ளிக்கும் பால் மூர்ஹெட்டும் இதைக் காட்டினார்கள். மனித ஃபைப்ரோபிளாஸ்ட் ஏறக்குறைய ஐம்பது முறை இரட்டித்ததும் நின்றுவிடுகிறது. குரோமோசோமின் நுனியில் உள்ள டெலோமியர் ஒவ்வொரு பிரிவிலும் கொஞ்சம் தேய்வதுதான் இதற்கு முக்கியக் காரணம். தேய்ந்த நுனியைத் திரும்ப வளர்க்கும் நொதி டெலோமரேஸ். இந்தத் துறையைத் திறந்துவிட்ட எலிசபெத் பிளாக்பர்ன், கேரல் கிரெய்டர், ஜாக் ஷோஸ்டாக் மூவருக்கும் 2009-ல் நோபல் கிடைத்தது. அந்த நொதியின் முக்கியப் பகுதிக்கான மரபணு ஹெச்-டெர்ட். அதைச் சாதாரணச் செல்லுக்குள் செலுத்தினால் அது எல்லையைத் தாண்டிப் பெருகும் என்பது 1998-ல் நிரூபணமானது.

குரல்நாணுக்கு இது ஏன் இவ்வளவு அவசியம்? தோல் செல் வேண்டுமென்றால் ஒரு துளி தோலை வெட்டிக்கொள்ளலாம், பத்து நாளில் ஆறிவிடும். நல்ல குரல் உள்ள ஒருவரின் குரல்நாணில் ஆராய்ச்சிக்காகக் கீறல் போட முடியாது. போட்டால் தழும்பு, தழும்பு விழுந்தால் குரல் போச்சு. ஆகவே இறந்தவர்கள் தானமாகத் தந்த குரல்வளை, அல்லது வேறு காரணத்துக்காக அறுவையில் எடுக்கப்பட்ட குரல்வளை, இவைதான் வழி. அதுவும் அரிது. கிடைத்த கொஞ்சத்தையும் சில வாரத்தில் தீர்த்துவிடாமல் வைத்துக்கொள்ளத்தான் இந்த ஏற்பாடு. அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் சூசன் திபோவின் ஆய்வகம் மனிதக் குரல்நாண் ஃபைப்ரோபிளாஸ்டுகளில் ஹெச்-டெர்ட் செலுத்தி உருவாக்கிய செல் வரிசைகளை, அதாவது ஒரே மூலத்திலிருந்து தொடர்ந்து பெருகிவரும் செல்களை, பற்றி 2009-ல் வெளியிட்டது. இந்தத் துறையில் பலரும் பயன்படுத்துவது அந்த வகைதான்.

சாகாமல் செய்ய வேறு வழிகளும் உண்டு. எஸ்.வி.40 வைரஸின் டி ஆன்டிஜனையோ எச்.பி.வி.யின் ஈ6, ஈ7 மரபணுக்களையோ செலுத்தினால் செல் கண்டபடி பெருகாமல் தடுக்கும் பி53, ஆர்பி என்ற காவலாளிப் புரதங்களை இழந்து ஓட ஆரம்பிக்கும். ஓடும், ஆனால் குணம் மாறும். ஹெச்-டெர்ட் செல் பொதுவாக அந்தக் காவலாளிகளை வைத்துக்கொண்டே பெருகுகிறது. தழும்பைப் பற்றிய ஆய்வென்றால் நான் ஹெச்-டெர்ட் பக்கம்தான் நிற்பேன். புற்றுநோய்க் கட்டியிலிருந்து வந்த செல்லை எடுத்துக்கொண்டு "இயல்பான குரல்நாண்" பற்றி முடிவு சொல்வது எனக்கு ஒப்பாது.

அது தொண்டைச் செல்தானா?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

1950-களில் ஒருவருடைய குரல்வளைப் புற்றுநோய்க் கட்டியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி ஹெப்-2 என்ற செல் வரிசை வந்தது. உலகம் முழுக்கப் பரவியது. குரல்வளைப் புற்றுநோய் ஆய்வு என்று நூற்றுக்கணக்கான கட்டுரைகள் அதை வைத்து எழுதப்பட்டன. உண்மையில் அது ஹீலா. 1951-ல் பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஹென்ரியட்டா லேக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்க் கட்டியிலிருந்து எடுத்த செல். மிக வேகமாகப் பெருகும். ஒரே ஹூட்டில் வேறு செல்லோடு கையாளும்போது ஒரு துளி கலந்தால் போதும், சில வாரத்தில் அசல் செல் காணாமல் போய் ஹீலா மட்டும் நிற்கும். ஸ்டான்லி கார்ட்லர் 1966-ல், வெவ்வேறு உறுப்பிலிருந்து வந்ததாக நம்பப்பட்ட பல செல் வரிசைகளில் ஒரே நொதி அடையாளத்தைக் காட்டி, எல்லாம் ஹீலாவாக இருக்கலாம் என்று கூட்டத்தில் எழுந்து சொன்னபோது பலர் முகம் சுளித்தார்கள். அவர் சொன்னதுதான் சரி.

வேலூரின் பெரிய ஆஸ்பத்திரி லேப் எதிலும் ஹெப்-2 ஸ்லைடு இருக்கும். லூபஸ் போன்ற நோய்க்கான ஏ.என்.ஏ. பரிசோதனை அதில்தான் செய்கிறார்கள். அந்த வேலைக்கு அது நல்ல செல். குரல்வளையைப் பற்றிப் பேசுவதற்கு மட்டும் அதற்கு உரிமை கிடையாது. இன்றும் அதை "தொண்டைச் செல்" என்று எழுதி அனுப்பும் கட்டுரைகள் வருகின்றன. உங்கள் பெயர் அந்த வரிசையில் சேர வேண்டாம்.

ஆகவே செல் கைக்கு வரும் முன்பே மூன்று காரியம். ஒன்று, தவறாக அடையாளம் காணப்பட்ட செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியலைத் திறந்து உங்கள் செல்லின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். 500-க்கும் மேற்பட்ட பெயர்கள் அதில் இருக்கின்றன, ஹெப்-2 உட்பட. இரண்டு, எஸ்.டி.ஆர். பரிசோதனை முடிவைக் கேளுங்கள். ஒரு மனிதரின் டி.என்.ஏ. கைரேகை அது. தந்தவர்கள் அனுப்பிய முடிவும், உங்களிடம் வந்தபின் நீங்கள் செய்யும் முடிவும் பொருந்த வேண்டும். மூன்று, மருத்துவமனையோ ஆய்வகமோ, பக்கத்து டிபார்ட்மென்டோ, யாராக இருந்தாலும் "இந்த பிளாஸ்க்ல கொஞ்சம் எடுத்துக்கோ" என்று அன்பாகத் தருவதை வாங்காதீர்கள். உருவாக்கிய ஆய்வகத்துக்கு உங்கள் கைடு மூலம் எழுதிக் கேளுங்கள், அல்லது புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையம் போன்ற முறையான களஞ்சியங்களில் இருப்பதை வாங்குங்கள்.

காகித வேலை

சலிப்பான பகுதி, ஆனால் இதைச் செய்யாமல் ஃப்ரீசரைத் திறக்கக் கூடாது. மனிதச் செல் என்பதால் கல்லூரியின் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும். ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-ல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியை அச்செடுத்து மேசையில் வையுங்கள். மரபணு செலுத்தப்பட்ட செல் என்பதால் உயிரிப் பாதுகாப்புக் குழுவிலும் பதிய வேண்டும். ஹெச்-டெர்ட்டைச் செல்லுக்குள் கொண்டுபோகப் பெரும்பாலும் ரெட்ரோவைரஸோ லென்டிவைரஸோதான் வாகனம். பாகாயத்தில் சி.எம்.சி. வளாகத்திலுள்ள ஸ்டெம் செல் ஆராய்ச்சி மையம் ஹீமோஃபீலியா நோயாளிகளுக்கான மரபணுச் சிகிச்சையில் லென்டிவைரஸைக் கையாண்டது இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே எத்தனை படிவம், எத்தனை குழு என்று விசாரித்துப் பாருங்கள். உங்கள் பிளாஸ்குக்கு அதில் ஒரு சிறு பங்குதான் தேவைப்படும். செல்லைத் தரும் ஆய்வகத்தோடு பரிமாற்ற ஒப்பந்தமும் கையெழுத்தாக வேண்டும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். முதல் செமஸ்டரிலேயே தொடங்குங்கள்.

அறுவையில் வெட்டி எடுத்து வீசப்போகும் திசுதானே என்று ஈ.என்.டி. தியேட்டரிலிருந்து நேராக எடுத்துவர நினைக்காதீர்கள். அதற்கும் நோயாளியின் எழுத்துச் சம்மதம் வேண்டும். ஹென்ரியட்டா லேக்ஸிடம் யாரும் கேட்கவில்லை. அவர் குடும்பத்துக்கே இருபது வருடம் கழித்துத்தான் தெரிந்தது. நம் நோயாளிகளிடம் தமிழில், அவர்களுக்குப் புரியும்படி, உட்கார்ந்து பேசிக் கேட்க வேண்டும்.

வேலூர் வெயிலும் இன்குபேட்டரும்

வெளிநாட்டு வழிகாட்டிகளில் நீங்கள் காண முடியாத பகுதி இது. செல்லுக்கு 37 டிகிரி, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நல்ல ஈரம் வேண்டும். இன்குபேட்டர் இதைப் பார்த்துக்கொள்ளும் என்று எல்லோரும் நம்புகிறோம். சாதாரண இன்குபேட்டருக்குச் சூடேற்றத் தெரியும், குளிர்விக்கத் தெரியாது. சுற்றியுள்ள அறை அதைவிட ஐந்து டிகிரியாவது குறைவாக இருந்தால்தான் அதனால் 37-ல் நிற்க முடியும். கத்திரியில் வேலூர் 40-ஐத் தாண்டும் ஊர். மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போய், யு.பி.எஸ்.ஸில் இன்குபேட்டர் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும், ஏ.சி. நின்றிருக்கும். அறை 36-க்குப் போகும். இன்குபேட்டருக்குள் 39, 40. வெளியே பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், செல் உள்ளே வெந்துகொண்டிருக்கும்.

ஆகவே ஏ.சி.யையும் ஜெனரேட்டர் லைனில் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடியாதென்றால் ஏப்ரல் முதல் ஜூன் வரை முக்கியமான பரிசோதனை எதையும் வைக்காதீர்கள். அந்த மாதங்களில் படியுங்கள், எழுதுங்கள், செல்லைத் திரவ நைட்ரஜனில் உறைந்து தூங்கவிடுங்கள். இன்குபேட்டருக்குள் தனியாக ஒரு தெர்மாமீட்டர் வைத்து, காலை மாலை கையால் குறித்துவையுங்கள். திரையில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள்.

செல் பார்சலும் அப்படித்தான். உலர் பனிக்கட்டியில் வரும் பெட்டி பெங்களூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ கிளம்பினால், வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். சனி, ஞாயிறு கூரியர் கிடங்கில் கிடந்தால் திங்கட்கிழமை நீங்கள் திறப்பது வெறும் அட்டைப் பெட்டி. திங்கள் கிளம்பி செவ்வாய் வர வேண்டும், நீங்களே போய் வாங்க வேண்டும். வந்ததும் பனிக்கட்டி மீதமிருக்கிறதா என்று பார்த்துக் குறித்துவைத்து, வயலை (செல் உறைந்திருக்கும் சிறு குப்பி, vial) உடனே திரவ நைட்ரஜனுக்கு மாற்றுங்கள் அல்லது உடனே உருக்குங்கள். மைனஸ் 80 ஃப்ரீசரில் "அப்புறம் பார்த்துக்கலாம்" என்று வைத்தால் வாரக்கணக்கில் செல் மெதுவாகச் செத்துக்கொண்டே வரும்.

உருக்குதல்

நைட்ரஜன் தொட்டியிலிருந்து வயலை எடுக்கும்போது முகக் கவசம், தடித்த கையுறை கட்டாயம். திரவத்துக்குள் மூழ்கியிருந்த வயலுக்குள் நைட்ரஜன் கசிந்திருந்தால், வெளியே வந்ததும் விரிந்து வெடிக்கும். கண் போய்விடும். இதில் அவசரமே கூடாது.

அதன்பின் அவசரப்படலாம். 37 டிகிரி தண்ணீரில் வயலின் கீழ்ப்பாதி மட்டும் அமிழும்படி பிடித்து மெதுவாக ஆட்டுங்கள். ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் உளுந்து அளவுப் பனிக்கட்டி மட்டும் மிஞ்சும்போது எடுத்துவிடுங்கள். 70 சதவீத ஆல்கஹாலில் துடைத்து ஹூட்டுக்குள் கொண்டுபோங்கள். முன்பே சூடாக்கி வைத்த மீடியத்தில், அதாவது செல்லின் உணவுத் திரவத்தில், சொட்டுச் சொட்டாகச் சேர்க்க வேண்டும். மொத்தமாகக் கொட்டினால் உப்புச் செறிவு சட்டென்று மாறிச் செல் உடையும். உறையவைக்கப் போட்ட டி.எம்.எஸ்.ஓ. சாதாரண வெப்பத்தில் செல்லுக்கு ஆகாது. அதனால் மையவிலக்கியில் 200 ஜி வேகத்தில் ஐந்து நிமிடம் சுழற்றி, மேல் திரவத்தை நீக்கி, புதிய மீடியத்தில் பிளாஸ்கில் விடுங்கள்.

மீடியம் பெரும்பாலும் டி.எம்.இ.எம்., அதில் 10 சதவீதம் கன்றுக்கருச் சீரம். செல்லைத் தந்தவர்கள் வேறு எதையாவது சொல்லியிருந்தால் அதையே கடைப்பிடியுங்கள். உங்கள் சீனியர் தோல் செல்லுக்குப் பயன்படுத்தும் மீடியம் மீதமிருக்கிறது என்பது காரணமாகாது. சீரம் பாட்டிலின் லாட் எண்ணை, அதாவது தயாரிப்புத் தொகுதி எண்ணை, நோட்டில் எழுதுங்கள். லாட் மாறினால் செல்லின் நடத்தையும் மாறும்.

மறுநாள் காலை மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். கதிர்க் கோல் மாதிரி இரு பக்கமும் கூர்ந்து, பிளாஸ்கின் தரையில் ஒட்டிப் படுத்திருந்தால் நலம். மிதக்கும் உருண்டைகள் இறந்தவை. மீடியம் மாற்றுங்கள்.

மீடியத்தின் நிறம் நிறையச் சொல்லும். சிவப்பு என்றால் சரி. மஞ்சளாகத் திரும்பினால் அமிலம் கூடியிருக்கிறது: செல் அதிகமாகிவிட்டது, அல்லது பாக்டீரியா புகுந்துவிட்டது. ஊதா கலந்த ரோஜா நிறம் என்றால் கார்பன் டை ஆக்சைடு இல்லை. சிலிண்டரைப் போய்ப் பாருங்கள்.

பிரித்து வளர்த்தல்

பிளாஸ்கின் தரை 70, 80 சதவீதம் நிறைந்ததும் பிரித்துவிட வேண்டும். முழுக்க நிறையவிட்டால் ஃபைப்ரோபிளாஸ்ட் பாய் முடைந்தது போல அடுக்கடுக்காகப் படியும். பிறகு உரித்தால் பாளம் பாளமாக வரும், தனித்தனிச் செல்லாகாது. அதைவிட, நெருக்கத்தில் இருந்த செல் பிரிந்தபின்னும் கொஞ்ச நாள் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மீடியத்தை எடுங்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத பி.பி.எஸ். என்ற உப்புக் கரைசலில் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் சீரம் மிஞ்சினால், செல்லைத் தரையிலிருந்து உரிக்கும் நொதியான டிரிப்சின் வேலை செய்யாது. டி-75 பிளாஸ்க் (தரை 75 சதுர சென்டிமீட்டர்) என்றால் 0.05 சதவீத டிரிப்சின் 2 மி.லி. போதும். இரண்டு நிமிடம் கழித்துப் பாருங்கள். செல் உருண்டு பளபளத்தால் பிளாஸ்கின் பக்கத்தை உள்ளங்கையால் தட்டுங்கள். நான்கைந்து நிமிடத்துக்கு மேல் விடாதீர்கள். சீரம் கலந்த மீடியம் ஊற்றினால் டிரிப்சின் அடங்கும். சுழற்றி, 5 மி.லி. மீடியத்தில் கரைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது எண்ண வேண்டும். "ஒண்ணுக்கு மூணு" என்று கண்ணளவில் பிரிப்பது பழகிய கைக்குச் சரி. நீங்கள் புதியவர், எண்ணுங்கள். ஒரு பங்கு செல், ஒரு பங்கு டிரிபன் நீலம் கலந்து எண்ணும் கண்ணாடியில் விடுங்கள். நீலம் ஏறியவை இறந்தவை. நான்கு மூலைக் கட்டங்களிலும் உயிருள்ளவை மொத்தம் 120 என்றால் சராசரி 30. இரண்டு மடங்கு நீர்த்ததால் 60. ஒரு கட்டத்தின் கொள்ளளவு ஒரு மி.லி.யில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. எனவே மி.லி.க்கு 6 லட்சம். 5 மி.லி.யில் 30 லட்சம். அடுத்த டி-75-ல் சதுர சென்டிமீட்டருக்கு 5,000 செல் விதைக்க 3,75,000 வேண்டும், அதாவது 0.625 மி.லி. முதல் பத்து முறை இந்தக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்.

பிளாஸ்கின் மேல் எழுத வேண்டியவை: செல்லின் முழுப் பெயர், பாஸேஜ் எண் (இதுவரை எத்தனை முறை பிரித்து வளர்த்தது), தேதி, எத்தனை செல் விதைத்தீர்கள், உங்கள் பெயர். சுருக்கம் வேண்டாம். வேறொரு செல் அதே அறையில் வளர்கிறதென்றால் அதற்குத் தனி மீடியம் பாட்டில், தனி நாள். ஒரே நேரத்தில் ஹூட்டுக்குள் ஒரு செல் வரிசைதான் இருக்கலாம். ஹெப்-2 கதை மறந்துவிடக் கூடாது.

வந்த முதல் இரண்டு வாரத்துக்குள், இன்னும் எந்தப் பரிசோதனையும் தொடங்காமல், செல்லைப் பெருக்கி உறையவைத்துவிடுங்கள். சீரத்தோடு 10 சதவீதம் டி.எம்.எஸ்.ஓ., வயலுக்கு 10 லட்சம் செல், நிமிடத்துக்கு ஒரு டிகிரி குறையும்படி மைனஸ் 80-ல் ஓர் இரவு, மறுநாள் நைட்ரஜனில். பத்து வயல் தாய் இருப்பு. அதில் ஒன்றை உருக்கிப் பெருக்கி இன்னும் இருபது வயல் வேலை இருப்பு. ஒரு வாரம் கழித்து வேலை இருப்பிலிருந்து ஒன்றை உருக்கி உயிரோடு எழுகிறதா என்று பார்த்துவிடுங்கள். இதைப் பார்க்காமல் மிச்சம் எல்லாம் பத்திரமாக இருப்பதாக நம்பி இருந்தவர்கள் உண்டு.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளி

பாக்டீரியா வந்தால் ஒரே இரவில் மீடியம் கலங்கிவிடும். பூஞ்சை வந்தால் பஞ்சு பஞ்சாகத் தெரியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏ.சி. தண்ணீர் சொட்டும் லேப்களில் இது வருடந்தோறும் நடக்கும். ஏ.சி. வடிகட்டியையும் இன்குபேட்டரின் தண்ணீர்த் தட்டையும் மழைக்கு முன்பே சுத்தம் செய்யுங்கள். இவை வந்தால் துக்கம், ஆனால் தெரிந்துவிடும், தூக்கி எறிந்துவிடலாம்.

மைக்கோபிளாஸ்மா வேறு ரகம். செல் சுவர் இல்லாத மிகச் சிறிய பாக்டீரியா. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் புகுந்து வந்துவிடும். பெனிசிலின் அதை ஒன்றும் செய்யாது, ஏனென்றால் பெனிசிலின் தாக்கும் சுவரே அதற்குக் கிடையாது. மீடியம் கலங்காது, செல் சாகாது. ஆனால் செல்லின் உணவைத் தின்று, மரபணு வெளிப்பாட்டையே மாற்றி, நீங்கள் அளக்கும் ஒவ்வொரு எண்ணையும் பொய்யாக்கும்.

என் எம்.எஸ்சி. புராஜெக்டில் எட்டு வாரம் இதில் போனது. தெரிந்த ஓர் ஆய்வகத்திலிருந்து நட்பாகத் தந்த பிளாஸ்க். கொலாஜன் அளவு ஒவ்வொரு வாரமும் ஒரு மாதிரி வந்தது. என் கைதான் சரியில்லை என்று நினைத்து இரவெல்லாம் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் செய்தேன். கடைசியில் ஒரு சீனியர் அக்கா செல்லின் டி.என்.ஏ.வை ஒளிரும் சாயத்தில் ஏற்றிப் பார்க்கச் சொன்னார். உட்கருவுக்கு வெளியே, மணல் தூவினது போல ஒளிப் புள்ளிகள். எட்டு வார நோட்டையும் அப்படியே மூடினேன். அன்றிலிருந்து, மைக்கோபிளாஸ்மாவின் டி.என்.ஏ. இருக்கிறதா என்று காட்டும் பி.சி.ஆர். பரிசோதனை மாதம் ஒரு முறை எனக்கு விரதம் மாதிரி. ஆன்டிபயாடிக் இல்லாமல் இரண்டு வாரம் வளர்த்த செல்லில் செய்யுங்கள், மறைந்திருப்பது வெளியே வரும். புதிதாக வரும் செல்லை முடிவு வரும்வரை தனி இன்குபேட்டரில் வையுங்கள். தனி இன்குபேட்டர் இல்லையென்றால் முடிவு வரும்வரை வாங்கவே வேண்டாம். ஹூட்டுக்குள் பேசாதீர்கள், பாடாதீர்கள். மனிதத் தொண்டையில் வாழும் மைக்கோபிளாஸ்மா வகைகளும் பிளாஸ்குகளில் அடிக்கடி காணப்படுபவைதான்.

முதல் பரிசோதனை

தழும்பு ஆய்வுக்குப் புதியவர்கள் செய்யத் தகுந்தது ஒன்று: டி.ஜி.எஃப்.-பீட்டா1 என்ற புரதத்தைக் கொடுத்துச் செல்லைத் தழும்பு நிலைக்குத் தள்ளுவது. சீரத்தைக் குறைத்து ஓர் இரவு வைத்தபின் மி.லி.க்கு 5 முதல் 10 நானோகிராம், 24 முதல் 72 மணி நேரம். செல் தசைச் செல்லின் சாயல் பெறும், ஆல்ஃபா ஆக்டின் என்ற புரதம் கூடும், கொலாஜன் கூடும். இந்த மாற்றம் உங்கள் கையில் ஒழுங்காக வந்தால், பிறகு உங்களுக்குப் பிடித்த மருந்தையோ மூலிகைச் சாற்றையோ சேர்த்து மாற்றம் குறைகிறதா என்று பார்க்கலாம். மூலிகைச் சாறு என்றால் அதைக் கரைத்த ஆல்கஹாலை மட்டும் சேர்த்த செல் ஒரு வரிசை கட்டாயம் இருக்க வேண்டும். நிறையப் பேர் ஆல்கஹாலின் வேலையை மூலிகையின் பெருமையாக எழுதிவிடுகிறார்கள்.

ஒரே நாளில் வளர்ப்புத் தட்டின் மூன்று குழியில் செய்தது மூன்று பரிசோதனை ஆகாது. மூன்று வெவ்வேறு நாள், மூன்று வெவ்வேறு பாஸேஜ், அப்போதுதான் மூன்று.

எனக்கு ஓர் ஆசை உண்டு. சிகரெட் புகையை மீடியத்தில் கரைத்துக் குரல்நாண் செல்லில் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. பீடிப் புகையில் யாராவது இதை முறையாகச் செய்ய வேண்டும். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் வீட்டுத் திண்ணையில் முறம் வைத்துப் பீடி சுற்றும் பெண்களையும், அதைப் புகைத்துக் கரகரத்த தாத்தாக்களையும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள்தானே நாம். இந்தக் கேள்வி நம்மிடமிருந்து வர வேண்டியது.

எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது

பிளாஸ்கின் தரை பிளாஸ்டிக். குரல்நாணின் மென்மையோடு ஒப்பிட்டால் அது லட்சக்கணக்கான மடங்கு கெட்டி. கெட்டித் தரையில் ஒட்டிய ஃபைப்ரோபிளாஸ்ட் டி.ஜி.எஃப். இல்லாமலே தழும்பு நிலைக்குக் கொஞ்சம் சாய்ந்துவிடும். அதிர்வும் இல்லை, மேலே எபிதீலியமும் இல்லை, எதிர்ப்புச் செல்களும் இல்லை. மென்மையான ஜெல்லில் வளர்ப்பது, அதிர்வு தரும் கருவியில் வைப்பது, இரண்டு வகைச் செல்லைச் சேர்த்து வளர்ப்பது எல்லாம் இந்தக் குறையை ஈடுகட்டும் முயற்சிகள். 2015-ல் விஸ்கான்சினில் நேதன் வெல்ஹாமின் குழு, சாகாமல் மாற்றப்படாத மனிதச் செல்களிலிருந்தே இரண்டடுக்குக் குரல்நாண் திசுவை வளர்த்து, நாயின் குரல்வளையில் பொருத்திக் காற்றை ஊதி ஒலி எழுப்பிக் காட்டியது. உங்கள் முடிவும் கடைசியில் மாற்றப்படாத செல்லில் ஒரு முறையாவது நிற்க வேண்டும்.

ஆகவே எழுதும்போது "இந்த மருந்து குரல்நாண் தழும்பைக் குணமாக்குகிறது" என்று எழுதாதீர்கள். "இந்தச் செல் வரிசையில், இந்தப் பாஸேஜில், இந்த அளவில், ஆல்ஃபா ஆக்டின் இவ்வளவு குறைந்தது" என்று எழுதுங்கள். வாத்தியார் மாதிரி ஒருவர் செய்தித்தாளில் அதைப் படித்துவிட்டு பஸ் ஏறி வருவார் என்று நினைத்துக்கொண்டே எழுதுங்கள்.

கழிவும் பழைய பிளாஸ்கும்

பயன்படுத்திய மீடியத்தில் பத்துக்கு ஒரு பங்கு பிளீச் கலந்து அரை மணி நேரம் வைத்தபின்தான் ஊற்ற வேண்டும். பைபெட், பிளாஸ்க் எல்லாம் 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவிக் கொதிகலன்) ஆகி, உயிர் மருத்துவக் கழிவாகப் போக வேண்டும். ஆட்டோகிளேவில் பிளீச் வைக்காதீர்கள், விஷவாயு வரும்.

சாகாத செல் என்பதால் ஒரே பிளாஸ்கை வருடக்கணக்கில் ஓட்டலாம் என்று நினைப்பதுதான் கடைசித் தவறு. பிரியப் பிரியக் குரோமோசோம்கள் மாறும், வேகமாகப் பெருகுபவை மற்றவற்றை முந்தும், பெயர் மட்டும் அதேயாக இருக்கும். வேலை இருப்பிலிருந்து உருக்கியபின் பத்துப் பாஸேஜ் என்று நான் கோடு போட்டு வைத்திருக்கிறேன். செல் எவ்வளவு அழகாக வளர்ந்துகொண்டிருந்தாலும் பத்தாவதில் பிளீச். அந்த வாரமே நோட்டில் அடுத்த வயலின் இடத்தைப் பாருங்கள், முகக் கவசத்தை மாட்டுங்கள், தொட்டியைத் திறங்கள்.